செக் லைட் எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டாஷ்போர்டில் மஞ்சளாக எஞ்சின் படம் வந்துவிட்டால் முதலில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா?

மினுக்கினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயிலோடு முடிய வேண்டிய செலவு கன்வர்ட்டர் வரை போவது இப்படித்தான். தவளக்குப்பத்தில் மினுக்க ஆரம்பித்த வண்டியை "மெதுவாக ஓட்டி கடலூர் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று நினைக்காதீர்கள்.

நிலையாக எரிந்தால், கூடவே சிவப்பு ஆயில் விளக்கோ சூடு காட்டும் விளக்கோ எரியாத வரை, நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது. கீழே இருப்பது அதற்கான வழிமுறை. 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது. டீசலுக்குத் தனியாக ஒரு பத்தி உண்டு.

என்னென்ன வேண்டும்

இஎல்எம்327 வகை ப்ளூடூத் ஸ்கேனர், போனில் கார் ஸ்கேனர் அல்லது டார்க் செயலி, ஒரு சாதாரண மல்டிமீட்டர், கான்டாக்ட் கிளீனர், 10 எம்எம் ஸ்பேனர். இவ்வளவு போதும். ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய ப்ளூடூத் வகையை வாங்க வேண்டாம், அது இணையாது. வைஃபை வகையோ ப்ளூடூத் 4.0 வகையோ பார்த்து வாங்குங்கள். கோட் (கோளாறின் குறியீட்டு எண்) மட்டும் காட்டி, ஓடும் எஞ்சினின் அளவுகளைக் காட்டாத கையடக்கக் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அதை வைத்து இந்த வேலையில் பாதிகூடச் செய்ய முடியாது.

சொருகும் இடம் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு மேலே இருக்கும் 16 பின் சாக்கெட். சொருகியும் ஸ்கேனரில் விளக்கு வரவில்லையா? ஸ்கேனரைக் குறை சொல்வதற்கு முன் ஃப்யூஸைப் பாருங்கள். அந்த சாக்கெட்டின் 16-வது பின்னுக்கு பேட்டரி கரண்ட் ஒரு ஃப்யூஸ் வழியாகத்தான் வருகிறது. பல கார்களில் வேறு ஏதாவது ஒரு உபகரணமும் அதே ஃப்யூஸில்தான் இருக்கும். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். சொருகியபடியே நாள்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கும்.

அழிக்காதீர்கள், முதலில் பதிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் வேலையைக் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. கோட் தெரிந்ததும் "கிளியர்" அழுத்துவார்கள், அல்லது பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவார்கள். விளக்கு அணையும். கூடவே, கோளாறு வந்த அந்தக் கணத்தில் எஞ்சின் எப்படி இருந்தது என்ற பதிவும் அழிந்துபோகும். செயலியில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று இருப்பது அந்தப் பதிவுதான். ஆர்பிஎம், வேகம், எஞ்சின் சூடு, லோடு, ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) எல்லாம் அதில் இருக்கும்.

ஸ்டோர்ட் கோட் (உறுதியாகிப் பதிவானது), பெண்டிங் கோட் (இன்னும் உறுதியாகாதது), ஃப்ரீஸ் ஃப்ரேம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எஞ்சின் சூடு 35 டிகிரி, வேகம் பூஜ்யம் என்று இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே வந்த கோளாறு. 90 டிகிரி, 80 கி.மீ. வேகம், அதிக லோடு என்றால் ஈசிஆரில் ஓடும்போது வந்தது. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

கோட் சொல்வது அறிகுறியை. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. பி0171 என்றால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் போதவில்லை என்று அந்த சென்சார் சரியாகச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்து புதியது போடுவதால்தான் இரண்டு வாரத்தில் அதே விளக்கு திரும்ப எரிகிறது.

வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்து வருபவர்களுக்கு ஒன்று. "பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள்" என்பார்கள். அமெரிக்கக் கார்கள் டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று தாமாகவே சோதித்துப் பார்க்கும். நம் நாட்டு விதிகள் ஐரோப்பிய வழியைப் பின்பற்றியவை. அந்தக் கசிவுச் சோதனை இங்குள்ள கார்களில் பொதுவாகக் கிடையாது. புதுச்சேரியில் விலை குறைவென்று டேங்க் நிரப்பி வந்த மறுநாள் விளக்கு எரிந்தால் மூடியைச் சந்தேகிப்பதில் பயன் இல்லை. டேங்க் ஆவி சம்பந்தமாக இங்கே வருவது பெரும்பாலும், அந்த ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வின் மின்இணைப்புக் கோட்தான்.

பானட்டைத் திறந்து பத்து நிமிடம்

கடற்கரை ஊரில் இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது. முதுநகர், தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று செய்யும் வேலை கண்ணுக்கே தெரியும். பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி, சென்சார் பிளக்குக்குள் பச்சைப் பாசி, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரில் துரு. எர்த்தைச் சோதிப்பது எளிது: எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டு, பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1-க்குள் இருக்க வேண்டும். 0.2-ஐத் தாண்டினால் எர்த் ஒயரின் இரு முனைகளையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். சம்பந்தமே இல்லாத நான்கைந்து கோட் ஒன்றாக வந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், அல்லது இறங்கிப்போன பேட்டரி.

எலி கடித்த ஒயர், பிளந்த ரப்பர் ஹோஸ், சரியாக உட்காராத ஏர் ஃபில்டர் மூடி ஆகியவற்றையும் அப்போதே பாருங்கள்.

சென்சார் பிளக்குகளை கான்டாக்ட் கிளீனரால் கழுவி உலரவிடலாம். ஆனால் ஆக்சிஜன் சென்சாரின் பிளக்கில் மட்டும் கிளீனரும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த சென்சார் பல வண்டிகளில் தன் ஒயர் வழியாகவே இழுத்துக்கொள்கிறது. அங்கே தடவும் கிரீஸின் ஆவி உள்ளே போனால் அளவு பிசகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளில் இந்தப் பிளக்குக்குள் சேறு புகுந்திருக்கும்; கழற்றிப் பார்த்தால் தெரியும்.

ஃப்யூயல் ட்ரிம்: அவசரப்படக் கூடாத இடம்

எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூடாகட்டும். ஏசியை அணையுங்கள். செயலியில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு ட்ரிம் அளவுகள் தெரியும். இரண்டையும் கூட்டுங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அந்த எண். ஐடிலில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து ஒரு முறை, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டல் மைனஸ் 10-க்கும் பிளஸ் 10-க்கும் இடையில் இருந்தால் கவலை இல்லை.

இங்கே எத்தனாலை மறக்கக் கூடாது. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் விட வேண்டும். எத்தனால் குறைவாக இருந்த காலத்துக்கென ட்யூன் செய்த பழைய வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலே பிளஸ் 4 முதல் 8 வரை நிற்கும். அதன் மேல் ஒரு சின்னக் கசிவு சேர்ந்தாலும் எண் இரண்டு இலக்கத்துக்கு ஏறிவிடும். வேறு நிறுவனம், வேறு பங்க் என்று மாற்றி அடித்துப் பார்ப்பதால் இது தீராது, கசிவைத் தேடுங்கள்.

பாடப்புத்தக விதி இது: ஐடிலில் பிளஸ் அதிகம், 2500-ல் குறைகிறது என்றால் வேக்கம் கசிவு, அதாவது அளவில் வராத காற்று எஞ்சினுக்குள் புகுகிறது. ஐடிலில் சரி, லோடு ஏறும்போது பிளஸ் அதிகம் என்றால் பெட்ரோல் பம்ப் அழுத்தம் போதவில்லை.

இந்த விதியின் முதல் பாதி உள்ளே வரும் காற்றை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான் பொருந்தும். நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அந்த வகை இல்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் வகை. ஹோஸ் பிளந்து காற்று உள்ளே புகுந்தால் அழுத்தமும் ஏறும், கம்ப்யூட்டர் அதற்குத் தகுந்த பெட்ரோலையும் விட்டுவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது. ஐடில் ஆர்பிஎம்தான் ஏறும். ட்ரிம் நன்றாக இருக்கிறது, அதனால் கசிவு இல்லை என்று முடிவு கட்டிப் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அதனால் மேப் வண்டியில் அழுத்தத்தைப் பாருங்கள். சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் கடலூரோ புதுச்சேரியோ, கடல் மட்டம் என்பதால் 100, 101 கிலோ பாஸ்கல் காட்ட வேண்டும். அதுவே 94, 95 என்றால் சென்சாரையே சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடாகி, ஏசி அணைத்து, ஐடிலில் 30 முதல் 40 வரை சாதாரணம். 50-ஐத் தொட்டு, ஆர்பிஎம்மும் கூடியிருந்தால் காற்று எங்கோ புகுகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், பர்ஜ் ஹோஸ் ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய ப்ளையரால் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடில் இறங்குகிறதோ அந்த வழியில் கசிவு. சூடான எஞ்சின் மேல் கார்ப் கிளீனர் அடித்துத் தேடும் பழக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் மேல் மெல்லிய சாரல் அடித்தாலே ஐடில் மாறுவது தெரியும். காயில், பிளக் பக்கம் மட்டும் தண்ணீர் போகக் கூடாது.

அப்படியானால் மேப் வண்டியில் பி0171 எதனால் வரும்? முதல் சந்தேகம் எக்சாஸ்ட் கசிவு. கன்வர்ட்டருக்கு முன் இருக்கும் முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் பிளந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சார் பெட்ரோல் குறைவு என்று தவறாகப் படிக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் காது கொடுங்கள். 'டிக் டிக்' சத்தம் வந்து சூடானதும் குறைந்தால், இணைப்பில் கரும்புகைத் தடம் இருந்தால், அதுதான். அடுத்து பெட்ரோல் அழுத்தம். பெரும்பாலும் 3 முதல் 4 பார், உங்கள் வண்டியின் சர்வீஸ் அளவோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு இன்ஜெக்டர் அடைப்பு.

ட்ரிம் கூட்டல் மைனஸ் பக்கம் போனால் பர்ஜ் வால்வின் பிளக்கைக் கழற்றி, டேங்க் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் பக்க ஹோஸை எடுத்து, வால்வு வாயில் விரல் வையுங்கள். கரண்ட் இல்லாதபோது அது இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது.

வெளியில் சிஎன்ஜி கிட் பொருத்திய வண்டியானால் இந்தச் சோதனை முழுவதையும் பெட்ரோலில் ஓட்டிச் செய்யுங்கள். பெட்ரோலில் ட்ரிம் சரி, கேஸில் மட்டும் பிசகு என்றால் கிட்டின் ட்யூனிங்கில் கோளாறு.

மிஸ்ஃபயர், ஹீட்டர், கன்வர்ட்டர்

பி0301 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர் கோட்கள், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். காசு செலவில்லாத சோதனை: பி0301 வந்திருந்தால் ஒன்றாம் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோட் பி0302 ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

பி0135, பி0141 ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் கோட்கள். ஃப்யூஸ் முதலில். பிறகு சென்சார் பிளக்கைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு இடையே ஓம் பாருங்கள். குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் 5 முதல் 15 ஓம். எல்லையற்றது என்று காட்டினால் சென்சாரை மாற்றலாம். இந்த ஹீட்டர் கோட்களில்தான் மல்டிமீட்டரே தீர்ப்புச் சொல்லிவிடும்.

கன்வர்ட்டரின் திறன் குறைந்ததாகச் சொல்லும் பி0420 வந்தால் யாரும் உடனே சொல்வது கன்வர்ட்டர். அதற்குப் பின்னால் இருக்கும் பின் ஆக்சிஜன் சென்சாரின் கிராஃபைப் போட்டு, சூடான எஞ்சினை 2500-ல் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் ஏறத்தாழ நேர்கோடாக நின்றால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. எக்சாஸ்ட் கசிவைத் தேடுங்கள். முன் சென்சார் போலவே 0.1-க்கும் 0.9-க்கும் இடையே வேகமாக ஏறி இறங்கினால் கன்வர்ட்டர் முடிந்தது. முடிந்திருந்தாலும் புதியது போடும் முன் பழையதைக் கொன்றது எது என்று கண்டுபிடியுங்கள். மிஸ்ஃபயரா, ஆயில் குடிக்கிறதா? அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

டீசல்

பிஎஸ்6 டீசலில் அடிக்கடி வருவது பி2463, புகைக்கரி வடிகட்டி (டிபிஎஃப்) நிறைந்துவிட்டது. மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையே தினமும் நான்கு கி.மீ. மட்டும் ஓடும் டீசல் வண்டிக்கு இது வந்தே தீரும். கரியை எரிக்கும் அளவு சூடு வருவதற்குள் எஞ்சின் அணைந்துவிடுகிறது. டிபிஎஃப் விளக்கு மட்டும் எரியும்போதே, டீசல் போதுமான அளவு வைத்துக்கொண்டு, காலாப்பட்டு தாண்டி மரக்காணம் பக்கம் 60-க்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். செக் லைட்டும் சேர்ந்து எரிந்துவிட்டால் ஓட்டித் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஸ்கேனர் வழியே எரிக்க வைக்க வேண்டும், அது ஒர்க்‌ஷாப் வேலை. வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கரியைத்தான் பின்னால் வரும் பைக்காரர் சுவாசிப்பார்.

அழிப்பதும் உறுதி செய்வதும்

பழுது பார்த்த பிறகுதான் கிளியர். அழித்ததும், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் மானிட்டர்கள் எல்லாம் முழுமையடையாத நிலைக்குப் போகும். அவை முடிய, குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, சில நிமிடம் ஐடில், ஊருக்குள் கொஞ்சம், பிறகு நிலையான வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், இடையில் பெடலை விட்டு வேகம் தானாகக் குறைய ஓட்டம். புதுச்சேரி–கடலூர் ஒரு முறை போய் வந்தால் பெரும்பாலும் போதும். மானிட்டர்கள் முடிந்து, பெண்டிங் கோட் எதுவும் இல்லையென்றால் பழுது தீர்ந்தது. அழிக்காமல் விட்டாலும் கோளாறு இல்லாத மூன்று டிரைவ் சைக்கிளில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைக்கும் சுற்று) விளக்கு தானாக அணையும். கோட் மட்டும் நினைவில் இன்னும் சில காலம் கிடக்கும்.

புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் சைலன்சர் வாயில் வரும் வாயுவைத்தான் அளப்பார்கள். பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார் என்றால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை. 2500 ஆர்பிஎம் பக்கம் லாம்டா (காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்தால் 1 காட்டும் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் இடையே. அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். லாம்டா 1.03-ஐத் தாண்டியிருந்தால் எக்சாஸ்ட் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கக்கூடும். ட்ரிம் பார்க்கும்போது அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.