நாய்க்கு மூட்டுத் தேய்மானம்: எந்த வைத்தியத்தை எப்படி எடைபோடுவது?

ஏழெட்டு வயது லாப்ரடார் எழும்போது பின்காலை இழுத்தால் முதல் வேலை எக்ஸ்-ரேயும் ரத்தப் பரிசோதனையும்தான். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும்; எலும்புப் புற்றுநோயும் நொண்டலாகத்தான் தொடங்கும்.

தேய்மானம்தான் என்று உறுதியானதும், நாய் படுக்கையை விட்டு எழுவது, நடப்பது, மூன்று படி ஏறுவது ஆகியவற்றைக் கைபேசியில் படமெடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடம், அதே நேரம். இந்த வலி தானாகவே கூடும், குறையும். மோசமான நாளில் தொடங்கிய எதுவும் அடுத்த வாரம் பலித்த மாதிரிதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாத்திரை, எண்ணெய், அக்குபங்சர் மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எது கேட்டது என்று யாருக்கும் தெரியாது.

எடை குறைப்பில் மட்டும் ஆங்கில மருத்துவம், மாற்று மருத்துவம் இரு தரப்புக்கும் சண்டையில்லை. 6–9% குறைந்தாலே நொண்டலில் வித்தியாசம் தெரியும். 35 கிலோ நாய்க்கு அது இரண்டு, மூன்று கிலோ. மேரி பிஸ்கட்டை நிறுத்துவதே பாதி வேலை. வழுக்கும் டைல்ஸில் ரப்பர் மேட் போடுங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடத்துவதற்குப் பதில் 15 நிமிடமாக மூன்று வேளை நடத்துங்கள்.

வலி மருந்தில் சான்று வலுவாக இருப்பது மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்றவற்றுக்கு. மெலாக்சிகாம் வழக்கமாக முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., பிறகு தினம் 0.1 மி.கி., உணவோடு. அதாவது 10 கிலோ நாய்க்கு 1 மி.கி. மெடிக்கலில் மனிதருக்கு விற்கும் 15 மி.கி. மாத்திரை அதைப் போல 15 மடங்கு. அளவை மருத்துவரே எழுதட்டும். சிறுநீரகம், ஈரல் பரிசோதனை முன்பே வேண்டும்; தொடர்ந்து கொடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. வாந்தி, தீனி மறுப்பு, கறுத்த மலம் எது தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது.

மாற்று வழிகளில் நம்பிக்கையோடு பார்க்கத் தக்கது மீன் எண்ணெய். சாதாரண 1000 மி.கி. காப்ஸ்யூலில் வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. சேர்ந்து 300 மி.கி.தான். 30 கிலோ நாய்க்குச் சுமார் 2500 மி.கி. வேண்டுமென்றால் எட்டு காப்ஸ்யூல். ஒன்றில் தொடங்கி மெல்லக் கூட்டாவிட்டால் வயிறு கழியும். காட் லிவர் ஆயிலை இந்த அளவில் கொடுத்தால் வைட்டமின் ஏ, டி மிகுந்துவிடும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மூட்டுச் சத்தாக விற்கும் குளுக்கோசமைனால் பெரிய கெடுதல் இல்லை, சான்றும் பலவீனம். மூன்று மாத வீடியோவில் மாற்றம் இல்லையென்றால் அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். மஞ்சள் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. நீச்சல் பயிற்சி தொடைச் சதையைக் காக்கும், நாய்க்குத் தண்ணீர் பிடித்தால். வலித் தைலம் மட்டும் வேண்டாம்: நாய் நக்கும், கற்பூரமும் மீத்தைல் சாலிசிலேட்டும் அதற்கு விஷம்.

பெயர் ஒட்டாத சூரணப் பொட்டலம் இரண்டே நாளில் நாயை ஓட வைத்தால் சந்தேகப்படுங்கள். அடிக்கடி தண்ணீர் குடித்து, வீட்டுக்குள் சிறுநீர் கழித்து, பசி பிசாசாகிவிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மெலாக்சிகாமோடு அது சேர்ந்தால் வயிறும் குடலும் புண்ணாகி ரத்தம் கசியலாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பல நாள் கொடுத்திருந்தால் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, அவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.