குடும்பமாக வெளிநாடு போகும்போது ஆளுக்கொரு பட்ஜெட்டைச் சமாளிப்பது எப்படி?

அண்ணன், அக்கா, தம்பி, அவரவர் பிள்ளைகள், கூடவே தாத்தா பாட்டி என்று பத்துப் பேர் கிளம்பினால், எல்லோர் கையிலும் ஒரே அளவு பணம் இருக்காது. ஒருவருக்கு வீட்டுக்கடன், ஒருவருக்குப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், இன்னொருவருக்கு இப்போதுதான் சம்பளம் கூடியிருக்கும். நான் சொல்லும் வழி ஒன்றுதான். பொதுச் செலவுகளை, கை இறுக்கமாக இருப்பவரை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் ஆசைப்படுபவர் தன் காசில் தனியாகச் செய்துகொள்ளட்டும்.

படி 1: தனித்தனியாகக் கேளுங்கள்

இதை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். அங்கே முதலில் பதில் போடுபவர் சொன்ன தொகைதான் எல்லோருக்குமான தொகையாகிவிடும். அதைவிடக் குறைவாகச் சொல்ல நினைத்தவர் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். ஒருவர் பொறுப்பெடுத்து ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நன்றாகச் சம்பாதிப்பவரே கேட்காமல் இருப்பது நல்லது. அவரிடம் உண்மைத் தொகையைச் சொல்லப் பலருக்கும் கூச்சம்.

கேட்க வேண்டியவை மூன்று. வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பும் வரை மொத்தம் எவ்வளவு தாங்கும்? அந்தப் பணம் எப்போது கையில் இருக்கும்? எதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது? இரண்டாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொத்தத் தொகை இருந்தும், டிக்கெட் எடுக்கிற மாதத்தில் கையில் காசில்லாமல் போகலாம். யார் எவ்வளவு சொன்னார்கள் என்பது உங்களோடு இருக்கட்டும். வெளியே சொல்ல வேண்டியது பொதுச் செலவுக்கான உச்சவரம்பு மட்டும்.

படி 2: இடத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலும் ஊர் முதலில் முடிவாகி, பட்ஜெட் அதன் பின்னால் ஓடும். அதை மாற்றுங்கள். மிகக் குறைவான தொகையில் விசா, காப்பீடு, விமானக் கட்டணம் மூன்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தை நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குக் கிடைக்கும் அந்தத் தொகைக்குள் அடங்கும் ஊர்கள்தான் பட்டியலில் வர வேண்டும். அடங்கவில்லை என்றால் ஊரை மாற்றுவதற்கு முன் நாட்களைக் குறைத்துப் பாருங்கள். விசா கட்டணம் தலைக்குத் தலை. மறுத்துவிட்டால் பொதுவாகத் திரும்பி வராது. பாஸ்போர்ட்டையும் இப்போதே பாருங்கள். இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.

படி 3: டிக்கெட்டை அவரவர் எடுக்கட்டும்

சேர்ந்து போவதால் சேர்ந்துதான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஒரே விமானத்தில் ஒரே வகுப்பிலேயே பல விலைகளில் இருக்கைகள் விற்கப்படும். மலிவு விலையில் 3 இருக்கைகள்தான் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் 8 பேருக்குத் தேடினால், பல நேரம் 8 பேருக்குமே அடுத்த உயர்ந்த விலைதான் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு, பிறகு மூவருக்கு, பிறகு எல்லோருக்கும் என்று தேடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இறுக்கமான பட்ஜெட்டில் இருப்பவர்கள் அந்த மலிவு இருக்கைகளை எடுத்துக்கொள்ளட்டும்.

தனித்தனியாக எடுத்தால் ஒரு சங்கடம் உண்டு. விமானம் ரத்தானால் ஒவ்வொரு முன்பதிவையும் தனித்தனியாகத்தான் மாற்றித் தருவார்கள். எனவே தாத்தா பாட்டியின் டிக்கெட் மட்டும் அவர்களோடு போகும் பிள்ளையின் டிக்கெட்டோடு சேர்ந்தே இருக்கட்டும். கைக்குழந்தை விஷயம்: மடியில் வைத்துக்கொள்ளும் சலுகை 2 வயது முடியும் வரைதான். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால், திரும்பும்போது பெரும்பாலான நிறுவனங்களில் தனி இருக்கை எடுக்க வேண்டும்.

படி 4: வீட்டு வாடகையை அறைக்கணக்கில் பிரியுங்கள்

சண்டை அதிகம் வருவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கே போட்டுப் பார்ப்போம். போன இடத்தில் தங்க நான்கு அறை வீடு, மொத்த வாடகை 8,000; எந்த நாட்டுப் பணமானாலும் சரி. குளியலறையோடு கூடிய பெரிய அறைக்கு 3 புள்ளி, சாதாரண அறைகள் இரண்டுக்கும் தலா 2, அடுக்குக் கட்டில் போட்ட சின்ன அறைக்கு 1. மொத்தம் 8 புள்ளி, ஆக ஒரு புள்ளிக்கு 1,000.

பெரிய அறை அண்ணன் குடும்பத்துக்கு. ஒரு சாதாரண அறை அக்கா குடும்பத்துக்கு, இன்னொன்று தாத்தா பாட்டிக்கு. சின்ன அறையில் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு கட்டில்; அதன் 1,000 இரு வீட்டுக்கும் பாதிப் பாதி. அண்ணன் பங்கு 3,500, அக்கா பங்கு 2,500. மிச்சம் 2,000 தாத்தா பாட்டியுடையது. அதை அண்ணனும் அக்காவும் சரிபாதியாக ஏற்றால் அண்ணனுக்கு 4,500, அக்காவுக்கு 3,500. வெறுமனே இரண்டாக வகுத்திருந்தால் சாதாரண அறையில் இருக்கும் அக்காவும் 4,000 கொடுத்திருப்பார். பெரியவர்களின் செலவு யாருடையது என்பதை இந்த இடத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். ஊருக்குப் போனபின் பேசினால் அவர்கள் காதிலும் விழும்.

வசதியுள்ள ஒருவர், "மிச்சத்தை நான் போட்டுக்கொள்கிறேன், நீ வா" என்று தம்பியிடம் சொல்வதுண்டு. நல்ல மனசுதான். ஆனால் வாங்குபவருக்குப் பயணம் முழுக்க அது உறுத்தும். அதற்குப் பதில், வேன் வாடகை என் செலவு என்று எல்லோருக்குமான ஒன்றை அவர் எடுத்துக்கொண்டால், யாரும் யாருக்கும் கடன்பட்ட மாதிரி இருக்காது.

படி 5: நாளுக்கு ஒரு பொது நிகழ்ச்சி போதும்

எல்லோரும் சேர்ந்து செய்வது ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் உச்சவரம்புக்குள். மற்ற நேரம் அவரவர் விருப்பம். படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் போகட்டும், பூங்காவில் உட்காருகிறவர்கள் உட்காரட்டும். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பெரியப்பா மகன் விலையுயர்ந்த தீம் பார்க் போகும்போது சித்தப்பா மகள் வீட்டில் இருந்தால் அது எளிதில் ஆறாது. பிள்ளைகளுக்கான பெரிய செலவைப் பொதுவில் வையுங்கள், முடியாவிட்டால் எல்லோருக்குமே விட்டுவிடுங்கள்.

படி 6: கணக்கும் தீர்வும்

செலவைப் பங்கு பிரித்துக் காட்டும் ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலியில், செலவு செய்தவரே அன்றைக்கே பதிவு செய்யட்டும். வெவ்வேறு நாடுகளில் சம்பாதிப்பவர்கள் சேர்ந்திருந்தால், எந்தப் பணத்தில் கணக்குத் தீர்ப்பது, எந்த நாள் மாற்று விகிதம் என்பதை முன்பே பேசிவிடுங்கள். அட்டை தேய்க்கும்போது இயந்திரம், "உங்கள் நாட்டுப் பணமா, உள்ளூர்ப் பணமா?" என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாட்டுப் பணம் என்றால் கடைக்காரர் தரப்பு தன் விகிதத்தில் மாற்றும். அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

யாராவது கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் வீட்டுப் பங்கு என்ன ஆகும் என்பதையும், முன்பணம் கட்டும் முன்பே குழுவில் ஒரு வரியில் எழுதிப் போடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி வரை தொகை திரும்பும், அதற்குப் பின் அவர் பங்கு அவருடையதே என்பது பலருக்கும் ஏற்புடையதாக இருக்கும். ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அதற்குமேல் போனால், கேட்பவருக்கும் சங்கடம், கொடுப்பவருக்கும் மறந்துபோகும்.