ஒரு திருப்புக்கு ஒரு மாத்திரை: மருந்துப் போத்தலுக்கு மூடி வடிவமைக்கும் முறை

மூடியைத் திருப்பினால் ஒரே ஒரு மாத்திரை மட்டும் விழ வேண்டும் என்பது கேட்பதற்கு எளிய விருப்பமாகத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட மூடி இரண்டு வகையில் பிழை செய்யலாம்: ஒன்றும் விழாமல் போகலாம், அல்லது இரண்டு விழலாம். ஒன்றும் விழாவிட்டால் மறுபடியும் திருப்பிக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டு விழுந்து, பார்வை மங்கிய ஒருவர் அதைக் கவனிக்காமல் விழுங்கிவிட்டால், கெடுதல் நடந்து முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். ஆகவே இந்த மூடியின் ஒவ்வோர் அளவையும் முடிவு செய்யும்போது நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இது தவறினால் எந்தப் பக்கம் தவறும்? சுழியத்தின் பக்கம் தவறும் வடிவத்தை மட்டுமே ஏற்க வேண்டும்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நெகிழிப் பொருள்களுக்கான அச்சுகளை வடிவமைப்பது என் தொழில். ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, பிடிமானம் குறைந்துவிட்டது. ஒரு மாலை அவர் இரத்த அழுத்த மாத்திரையை எடுக்கப் போத்தலைச் சாய்த்தபோது உள்ளங்கையில் மூன்று விழுந்தன. ஒன்று அலமாரிக்கு அடியில் உருண்டது. மற்றொன்றை ஈரக் கையோடு போத்தலுக்குள் திரும்பப் போட்டார். அன்று தொடங்கிய வேலை இது. இங்கே நான் விளக்கும் வடிவம் ஏழாவது முறையாகத் திருத்தியது.

வடிவமைப்பு போத்தலிலிருந்து அல்ல, மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும். குறைந்தது இருபது மாத்திரைகளை எண்மக் கேலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும், ஏனெனில் மாத்திரையை அழுத்தும் எஃகு அச்சின் துளையே அதைத் தீர்மானிக்கிறது. தடிமனோ ஒவ்வொரு முறையும் அச்சுக்குள் விழும் தூளின் அளவையும் அழுத்தத்தையும் பொறுத்துச் சற்றே கூடிக் குறையும். எனவே சராசரித் தடிமனை எடுக்காமல், இருபதில் மிகத் தடித்ததன் அளவை எடுக்க வேண்டும். அம்மாவின் மாத்திரை தட்டையானது, விட்டம் 8.0 மி.மீ., மிகத் தடித்ததன் தடிமன் 3.2 மி.மீ. கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த மாத்திரைக்கு உரியவை. உங்கள் மாத்திரைக்கு நீங்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

போத்தலைக் கவிழ்த்துப் பிடித்த நிலையில் பார்த்தால், மூடிக்குள் மூன்று தட்டுகள் இருக்கும். போத்தலை ஒட்டிய மேல்தட்டு அசையாதது. அதில் மாத்திரை நுழையும் வாய் உண்டு. வெளிப்பக்கம் உள்ள கீழ்த்தட்டும் அசையாதது. அதில் மாத்திரை வெளியேறும் வாய், மேல்வாய்க்கு நேர் எதிரே, 180 பாகை தள்ளி இருக்கும். இரண்டுக்கும் நடுவே, அடி திறந்த ஒரே குழி கொண்ட பல்லாங்குழி போன்ற வட்டு சுழலும். போத்தலைக் கவிழ்த்தால் குழிக்குள் ஒரு மாத்திரை இறங்கும். வட்டைத் திருப்பினால் அந்த மாத்திரை மட்டும் எதிர்ப்பக்கம் போய் வெளியே விழும். எந்த நிலையிலும் போத்தலின் உட்புறமும் வெளிக்காற்றும் ஒரே நேரத்தில் குழிக்குள் திறந்திருக்கக் கூடாது என்பதே இந்த அமைப்பின் உயிர்நாடி.

அந்த விதியைக் கணக்குப் போட்டே உறுதி செய்யலாம். குழியின் விட்டம் 8.5 மி.மீ., அதன் மையம் வட்டின் மையத்திலிருந்து 9.5 மி.மீ. தூரத்தில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு வாயின் மையத்திற்கும் இரு பக்கமும் ஏறத்தாழ 53 பாகை வரை குழியும் வாயும் சிறிதேனும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஆகவே இரண்டு வாய்களும் 106 பாகைக்கு மேல் விலகியிருந்தாலே போதும். 180 பாகை வைத்தால் நடுவில் 70 பாகைக்கு மேல் இரு பக்கமும் மூடிய பகுதி கிடைக்கிறது. வட்டு ஓய்வாக நிற்கும் இடம் அந்தப் பகுதியின் நடுவே, அதாவது 90 பாகையில் இருக்க வேண்டும்.

இனி குழியின் அளவு. என் முதல் நான்கு முயற்சிகளும் இங்கேதான் தோற்றன. குழியை ஆழமாக வைத்தால் மாத்திரை எளிதில் விழும் என்று நினைத்து, தடிமனைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் கொடுத்தேன். இரண்டாவது மாத்திரை பாதி உள்ளே, பாதி வெளியே நின்று, வட்டைத் திருப்பியபோது இரண்டாக வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட துண்டு முழு மாத்திரையோடு சேர்ந்து விழுந்தால் அது ஒன்றரை வேளை மருந்து. ஆகவே ஆழம், மிகத் தடித்த மாத்திரையின் தடிமனை விட 0.3 மி.மீ. மட்டுமே கூடுதலாக, அதாவது 3.5 மி.மீ. இருக்க வேண்டும். குழியின் மேல்விளிம்பை 0.5 மி.மீ. சரிவாகச் சீவிவிட்டால், மேலே படுத்திருக்கும் இரண்டாவது மாத்திரையின் அடி அந்தச் சரிவில் ஏறி விலகிக்கொள்ளும்.

விட்டத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாத்திரை படுத்த வாக்கில் இறங்காமல் நாணயம் போல் நிமிர்ந்து குழிக்குள் இறங்கினால் வட்டு சிக்கிக்கொள்ளும். தட்டையான மாத்திரை நிமிர்ந்து இறங்க வேண்டுமானால், விட்டத்தின் வர்க்கத்தையும் தடிமனின் வர்க்கத்தையும் கூட்டி அதன் வர்க்கமூலம் எடுத்தால் வரும் அளவுக்குக் குழி அகலமாக இருக்க வேண்டும். 8.0, 3.2 என்ற அளவுகளுக்கு அது 8.6 மி.மீ. வருகிறது. குழி 8.5 மி.மீ. என்றால் நிமிர்ந்த மாத்திரையால் முழுமையாக இறங்க முடியாது. இருபுறமும் உப்பிய மாத்திரைக்கு இந்தக் கணக்கு உதவாது, ஏனெனில் அதன் ஓரம் மெலிந்திருப்பதால் நழுவி இறங்கிவிடும். அதற்கு அடுத்துச் சொல்லும் தலைதட்டியைத்தான் நம்ப வேண்டும்.

படியில் அரிசி அளப்பவர் குவிந்து நிற்பதைத் தலைதட்டி வழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை இங்கே ஒரு மெல்லிய சிலிக்கோன் பட்டை செய்கிறது. உணவுக்கு ஏற்ற 1 மி.மீ. சிலிக்கோன் தாளிலிருந்து வெட்டி, மேல்தட்டின் நுழைவாயில், வட்டு திரும்பும் பக்கத்து ஓரத்தில் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்குமாறு செருகுங்கள். அது நிமிர்ந்த மாத்திரையைத் தள்ளிச் சாய்க்கும். சாய்க்க முடியாவிட்டால் வட்டு நின்றுவிடும். நிற்பது நல்லது. வட்டைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்ப் போத்தலைக் குலுக்கிவிட்டு மீண்டும் திருப்பலாம். கடின நெகிழியால் தலைதட்டி செய்யக் கூடாது. அது மாத்திரையைச் சாய்ப்பதற்குப் பதிலாக ஓரத்தைப் பெயர்த்துவிடும்.

மாவு அரைக்கும் கடையில், கொட்டகலத்தில் அரிசி நிறைய இருந்தும் கீழே இறங்காமல் நிற்பதும், கடைக்காரர் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவதும் பழகிய காட்சி. மணிகள் ஒன்றையொன்று தாங்கி வளைவு கட்டிக்கொள்வதே காரணம். உருண்டையான மணிகளுக்கு, வாயின் விட்டம் மணியின் விட்டத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால்தான் இந்த அடைப்பு அநேகமாக நிகழாது. நம் போத்தலின் கழுத்து உள்ளே 30 மி.மீ. அகலம், மாத்திரையைப் போல நான்கு மடங்குகூட இல்லை. ஆகவே அடைப்பு நிச்சயம் வரும். வட்டின் நடுத்தண்டை மேல்தட்டின் வழியே போத்தலுக்குள் 12 மி.மீ. நீட்டி, அதில் முனை மழுங்கிய ஒரு சிறு துடுப்பை அமைத்தால், வட்டு திரும்பும்போதெல்லாம் துடுப்பு வளைவைக் கலைத்துவிடும். மேல்தட்டின் உட்பரப்பை நுழைவாயை நோக்கிச் சரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நான்கைந்து மாத்திரைகள் எதிர்ப்பக்கத்திலேயே தங்கிவிடும்.

வட்டைத் திருப்ப, அதன் ஓரத்திலிருந்து 35 மி.மீ. நீளமுள்ள ஒரு பிடி பக்கச்சுவரின் பிளவு வழியே வெளியே வர வேண்டும். வழக்கமான மூடியை விரல்நுனிகளால் இறுக்கிப் பிடித்தாக வேண்டும். இந்தப் பிடியையோ மடக்கிய கையின் ஓரத்தால் தள்ளினாலே போதும். பிளவின் இரு முனைகளும் பிடியைத் தடுத்து நிறுத்துவதால் வட்டு முழுச் சுற்று சுற்றாது. அடுத்த மாத்திரை வேண்டுமானால் பிடியை முழுவதும் பின்னால் கொண்டுபோக வேண்டும். கை தவறி இரண்டு முறை திருப்பிவிடுவதை இது தடுக்கிறது.

குழந்தைகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கனடாவின் வின்ட்சர் நகரில் மருத்துவர் ஆன்ரி ப்ரோ, சிறுவர்கள் மருந்து உண்டு நஞ்சாவதைக் கண்டு வலியுறுத்தியதால்தான் 1967இல் அழுத்தித் திருப்பும் மூடி உருவானது. இன்று ஐ.எஸ்.ஓ. 8317 தரநிலையின்படி, 42 முதல் 51 மாத வயதுக் குழந்தைகளிடம் மூடியைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்: முதல் ஐந்து நிமிடங்களில் குறைந்தது 85 விழுக்காட்டினரால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும், திறந்து காட்டிய பிறகும் 80 விழுக்காட்டினரால் முடியாமல் இருக்க வேண்டும். அதே மூடியை 50 முதல் 70 வயதினரில் குறைந்தது 90 விழுக்காட்டினர் திறக்கவும் வேண்டும். நாம் செய்யும் மூடியோ, திருப்பினால் ஒன்று விழும் மிட்டாய் இயந்திரத்தைப் போன்றது. குழந்தையின் கையை வா என்று அழைக்கும். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளில் ஒன்றே ஒன்றுகூட ஒரு மழலையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

அதனால் 90 பாகை ஓய்வு நிலையில் பிடி ஒரு காடிக்குள் அமர்ந்திருக்குமாறு செய்யுங்கள்; பிடியைப் போத்தலை நோக்கி 3 மி.மீ. அழுத்தினால்தான் காடியிலிருந்து விடுபட்டுத் திரும்பும். அதோடு, வீட்டில் செய்த மூடி எதுவும் மேற்சொன்ன சோதனையைக் கடந்ததல்ல என்பதை மனத்தில் வைத்து, போத்தலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். குழந்தை தவறி விழுங்கிவிட்டால், மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆலோசனைக்கு, நம் பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது.

போத்தலை வாங்கும்போது கழுத்தின் அளவைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரைப் போத்தல்களில் பரவலாக உள்ள 38-400 என்ற அளவுக் கழுத்துக்கு மறையின் (திருகுவரியின்) வெளிவிட்டம் சுமார் 37.5 மி.மீ., மறைகளுக்கு இடையே 4.23 மி.மீ. தூரம். தொழிற்சாலை மூடிகள் பாலிப்புரோப்பிலீனால் ஆனவை. வீட்டு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அது ஓரம் சுருண்டு தொல்லை கொடுக்கும் என்பதால் பெட்ஜி (PETG) என்னும் நெகிழி இழையைப் பயன்படுத்துகிறேன். பரவலாகப் பயன்படும் மற்றொரு அச்சு இழையான பி.எல்.ஏ. (PLA) சுமார் 60 பாகை வெப்பத்திலேயே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது தாங்காது. தட்டுகளுக்கு இடையே 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள். அச்சிட்ட துளைகள் வரைபடத்தை விடச் சற்றுச் சிறியதாகவே வரும். குழியை மட்டும் தனியே அச்சிட்டு மாத்திரையைப் போட்டுப் பார்த்து, பிறகு முழு வட்டையும் அச்சிடுங்கள். அடுக்குகளுக்கு இடையே மருந்துத் தூள் தங்கும். எனவே ஒரு மருந்துக்குச் செய்த மூடியை வேறொரு மருந்துக்கு மாற்றவே கூடாது.

ஈரப்பதத்தை நாம் வெல்ல முடியாது, ஆனால் குறைக்கலாம். மருந்துகளின் நிலைப்புத்தன்மையை ஆசியான் நாடுகளில் 30 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் சோதிக்கிறார்கள். நம் ஊர்க் காற்று அந்தக் கடுமையைப் பல நாள்களில் தாண்டிவிடுகிறது. கழுத்தோடு மூடி சேரும் இடத்தில் சிலிக்கோன் வளையம் வையுங்கள். இரண்டு வாரத்திற்கு வேண்டிய மாத்திரைகளை மட்டும் நிரப்புங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போத்தலுக்குள் அப்படியே போட்டால் துடுப்பு அதைக் கிழித்துவிடும். நுழைவாயில் புகாத அளவுள்ள உருளை வடிவ உலர்த்தியே ஏற்றது.

எல்லா மருந்துக்கும் இந்த மூடி ஆகாது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரை ஆவியாகி நெகிழியில் படிந்து வீரியம் இழக்கும். அது தன் கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் டாபிகாட்ரான், வலிப்பு நோய்க்கான சோடியம் வால்புரோயேட் இரண்டும் ஈரத்தைத் தாங்காதவை. மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்சேட்டின் தூள் கையில் படக் கூடாது. அதைத் தேய்க்கும் எந்தப் பொறிக்குள்ளும் போடாதீர்கள். தாள்பட்டையில் வரும் மாத்திரைகளைப் பிதுக்கிப் போத்தலில் நிரப்பும் முன் மருந்தாளரிடம் கேளுங்கள். கிளினிக்கில் ஒட்டித் தந்த மருந்துச் சீட்டு போத்தலிலும் இருக்க வேண்டும்.

வெளிவாயின் அடியில் ஒளி ஊடுருவும் ஒரு சிறு கிண்ணம் பொருத்தினால் மாத்திரை தரையில் உருளாது. விழுங்கும் முன் கண்ணால் பார்த்து எண்ணுவதற்கும் அது உதவும். இந்தப் பார்வை எந்தப் பொறியமைப்புக்கும் மேலான காவல் என்பதால் கிண்ணத்தை நான் விட்டுவிட மாட்டேன்.

கடைசியாகச் சோதனை. அதே அளவுள்ள மலிவான வைட்டமின் மாத்திரைகளை நிரப்பி, ஒவ்வொரு திருப்புக்கும் சுழியம், ஒன்று, இரண்டு, உடைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 300 முறை திருப்பி ஒருமுறைகூட இரண்டு விழாவிட்டால் மகிழ்ச்சி அடைவோம். ஆனால் புள்ளியியலின்படி அதிலிருந்து நாம் 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது, இரட்டைப் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்பது மட்டுமே. நாளுக்கு ஒரு மாத்திரை என்றால் அது ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை வரை நடக்கலாம் என்று பொருள். பிழையின்றி 3000 முறை திருப்பினால்தான் ஆயிரத்துக்கு ஒன்று என்று சொல்ல முடியும். நான் பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொண்டு ஆறு மாலைகளில் அதைச் செய்தேன். போத்தல் நிறைந்திருக்கும்போதும், பாதியிலும், கடைசி ஐந்து மாத்திரைகளிலும் தனித்தனியே கணக்கெடுங்கள். என் ஐந்தாவது மூடி நிறைந்த போத்தலில் நன்றாக இயங்கி, கடைசி ஐந்தில்தான் இரண்டைத் தள்ளியது.

அரசு கிளினிக்கில் அடுத்த முறை அதே மருந்தை வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பாகத் தரக்கூடும். நிறமும் விட்டமும் தடிமனும் மாறியிருக்கும். ஆகவே வட்டையும் மேல்தட்டையும் கழற்றி மாற்றும்படி வடிவமைத்து, வட்டின் மேல் மருந்தின் பெயரையும் 8.0 × 3.2 என்ற அளவையும் எழுத்தாகவே அச்சிட்டுவிடுங்கள். புதுப் பொட்டலம் வந்த அன்றே கேலிப்பரை எடுத்து மீண்டும் இருபது மாத்திரைகளை அளக்க வேண்டும். அளவு மாறியிருந்தால், புது வட்டு தயாராகிச் சோதித்து முடியும் வரை போத்தலோடு வந்த வழக்கமான மூடியையே போட்டு வையுங்கள்.