ஃபேன் சுத்துது, ஆனா எஸ்எம்பிஎஸ் போச்சு: வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கேம் ஓடும்போதோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோ கணினி படக்கென்று அணைந்து, தானே மறுபடி ஆன் ஆகிறது. நீலத்திரை இல்லை, ஒரு வரி அறிவிப்பும் இல்லை. அல்லது காலையில் பவர் பட்டனை நாலைந்து தடவை அமுக்கினால்தான் உயிர் வருகிறது. வந்துவிட்டால் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடுகிறது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே எஸ்எம்பிஎஸ் மேல், அதாவது வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் பெட்டி மேல், சந்தேகப்படலாம். என் கணினிக்கு இரண்டும் இருந்தன.

விண்டோஸில் நடப்பதையெல்லாம் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு சிவப்பில் கிடக்கும். அதைப் பார்த்ததுமே எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஏன் நின்றது என்பது அதற்குத் தெரியாது.

1. முதலில் சுவர்ப் பக்கம்

ஸ்பைக் பஸ்டரைக் கழற்றிவிட்டு கணினியை நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். பவர் கார்டையும் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்குப் போவதும் பெரும்பாலும் அதே கார்டுதான். சாக்கெட்டில் பிளக் தொளதொளவென்று ஆடினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவதே பாதி வைத்தியம்.

2. பெட்டியைத் திறக்காதீர்கள்

கேபினட்டைத் திறக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் இரும்புப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. 230 வோல்ட் உள்ளே போய் டிசியாக மாறும்போது பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு நிற்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (மெயினிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ளவற்றில் 380, 400 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். தூசு தட்டுவதென்றாலும் வெளியிலிருந்து ப்ளோயர் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூக்கை மட்டும் கிட்டே கொண்டு போகலாம். கருகல் வாடை அடித்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

3. பேப்பர் கிளிப் சோதனை

கணினியையும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள ஸ்விட்சையும் அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் எல்லா வயர்களையும் மதர்போர்டு, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். வளைத்த பேப்பர் கிளிப்பால் அதையும் பக்கத்தில் உள்ள கறுப்பு வயரையும் இணைத்த பிறகு, பின்னால் உள்ள ஸ்விட்சைப் போடுங்கள். ஸ்விட்ச் போட்ட பிறகு கிளிப்பைத் தொட வேண்டாம்.

இப்போது வருகிற பலவற்றில் எல்லா வயரும் கறுப்பு. பச்சையை எப்படிக் கண்டுபிடிப்பது? கனெக்டரில் ஒரே ஒரு ஓட்டையில் வயர் இருக்காது. அது 20-ஆவது பின். அதே வரிசையில், அந்தக் காலி ஓட்டைக்கு ஒரு பக்கம் நாலு பின்னும் மறுபக்கம் ஏழு பின்னும் இருக்கும். ஏழு இருக்கும் பக்கமாக எண்ணுங்கள்: அடுத்த மூன்றும் கறுப்பு வயருக்குச் சமம், நாலாவதுதான் பச்சை. நாலு இருக்கும் பக்கம் 5 வோல்ட் வயர்கள் இருப்பதால் திசை மாறக் கூடாது.

ஃபேன் அசையவே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் அநேகமாகப் போய்விட்டது. 'அநேகமாக' என்று இழுப்பதற்குக் காரணம், லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல்கள் உண்டு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

4. லோடில் வைத்து அளப்பது

இந்தப் பதிவை எழுதுவதே இந்தப் படிக்காகத்தான். ஊரில் ஒரு சர்வீஸ் கடையில் என் கணினிக்குப் பேப்பர் கிளிப் சோதனை செய்துவிட்டு, "சார், எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு, மதர்போர்டு போயிடுச்சு" என்றார்கள். ஃபேன் ஜம்மென்று சுற்றியது உண்மைதான். ஆனால் ஸ்டாண்டில் நிற்கிற வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்பதற்காக அது மூன்று மூட்டையோடு மேம்பாலம் ஏறும் என்று சொல்ல முடியுமா? எதுவுமே மாட்டாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வேலையே கிடையாது.

எல்லா வயரையும் பழையபடி மாட்டிக் கணினியை ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு புரோப் '10ஏ' என்று போட்ட ஓட்டையில் இருக்கவே கூடாது. அங்கே இருந்தால் வோல்ட்டேஜ் அளக்கப் போய் ஷார்ட் அடித்துவிடுவீர்கள். சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் பழைய நாலு பின் டிஸ்க் கனெக்டர் ஒன்று இருக்குமே, அதில் கறுப்பு வயருக்குக் கறுப்பு புரோப், மஞ்சளுக்குச் சிவப்பு. 12-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மறுகோடியில் உள்ள சிவப்பு வயர் 5 வோல்ட். புரோப் முனை பக்கத்துப் பக்கத்துப் பின் இரண்டையும் ஒருசேரத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏடிஎக்ஸ் என்ற கணினிப் பவர் சப்ளைத் தர விதிப்படி வழக்கமாக 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25 வரை. சும்மா இருக்கும்போது வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு கேமையோ ஓசிசிடி மாதிரி ஒரு சோதனை மென்பொருளையோ ஓடவிட்டு மறுபடி பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கொஞ்சம்தான் இறங்கும். என்னுடையது சும்மா இருக்கும்போது 12-ஐ ஒட்டி நின்றது; லோடு ஏறியதும் 11.4-க்குக் கீழே சரிந்தது. அடுத்த நிமிஷம் அணைந்தது. மதர்போர்டு இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது.

திரையில் வோல்ட்டேஜ் காட்டும் மென்பொருள்களை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். மதர்போர்டு சென்சார் சொல்வதைத்தான் அவை ஒப்பிக்கும். எல்சிடி வைத்த எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் என்று விற்பதும் எனக்குப் பிடிக்காது; அது கொடுக்கும் லோடு மிகவும் குறைவு. அந்தக் காசுக்கு மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்று வாங்கினால் வீட்டில் நூறு வேலைக்கு ஆகும்.

மல்டிமீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. வேகமாக ஏறி இறங்கும் அலைச்சலை, அதாவது ரிப்பிளை, அது காட்டாது. எண்கள் சரியாக இருந்தும் கணினி அணைந்தால் நண்பரிடம் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் கடைசி வழி.

காலையில் மட்டும் அடம்பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே வயதான கெபாசிட்டர்கள். அவற்றில் உள்ள திரவம் காய்ந்து போனால் குளிர்ந்த நிலையில் வேலை செய்யாது, சூடேறியதும் சமாளிக்கும். 24 பின் கனெக்டரில் உள்ள ஊதா வயரை மல்டிமீட்டரில் பாருங்கள்: கணினி அணைந்திருந்தாலும், பின் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருந்தாக வேண்டும்.

5. உப்புக்காற்று

கடலூர் கடற்கரையில் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும். தூசோடு சேர்ந்து உள்ளே படிந்த உப்பு மழைக்காலத்தில் ஈரமாகி கனெக்டரில் களிம்பு ஏற்றிவிடும். கழற்றும்போது பின்களில் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள், ஜன்னலோரமும் வேண்டாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீருக்குள் நின்ற எஸ்எம்பிஎஸ்ஸை வெயிலில் காயவைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். டிஸ்க்கை வேண்டுமானால் காப்பாற்றப் பாருங்கள்.

6. புதிது வாங்கும்போது

லேபிளில் பெரிதாக 450 வாட் என்றிருக்கும். அதைப் பார்க்காமல் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 × 16 = 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இதிலிருந்துதான் சாப்பிட வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வருவதை நான் மாட்ட மாட்டேன். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை (கரண்டை வீணாக்காத திறனுக்கான சான்று), ஐந்து வருஷ வாரண்டி, இது போதும். கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளில் கேட்ட மாடல் இல்லையென்றால், இருப்பதை வாங்காமல் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள்.

மாட்டுவது நாலு ஸ்க்ரூ வேலை, விளக்கப் போவதில்லை. பிராசசருக்குப் போகும் 4+4 பின் வயரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: வில்லியனூரிலிருந்து ஒருவர், கரண்ட் போகும் நொடியில் மட்டும் கணினி அணைகிறது என்று எழுதியிருந்தார். அது எஸ்எம்பிஎஸ் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லி செகண்டு அளவுதான். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதில் வைத்தால் வேகமாக மாறும். வைத்துப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று பதில் போட்டிருக்கிறார்.

இன்னொன்று: "அண்ணா, கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கு, எஸ்எம்பிஎஸ் லீக்கா?" பெரும்பாலும் இல்லை தம்பி, உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் நுழைவாயிலில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் பாதி மெயின் வோல்ட்டேஜ் வரை மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. எலக்ட்ரீசியனை வைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் சுருக்கென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

கடைசியாக: மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) வாங்கியவர்கள் பழைய பிராண்டின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு வேறு. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் டிஸ்க் அங்கேயே போய்விடும். பழைய கேபிள்களைப் பழைய பெட்டியோடு சேர்த்தே கட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.