முகாமில் ஒரு பிள்ளை மனம் திறந்தால்

மலையேற்றத்திலோ முகாமிலோ பதின்வயதினர் "மனசு சரியில்லை" என்று நேராகச் சொல்வது அரிது. வயிற்றுவலி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்றுதான் வருவார்கள். முதலில் உடல் கோளாறா என்று பாருங்கள். தண்ணீர், சாப்பாடு, ஓய்வு கொடுங்கள். பிறகு கூடவே நடந்தபடியோ பாத்திரம் கழுவியபடியோ பேச்சுக் கொடுங்கள். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் பலர் வாயே திறக்கமாட்டார்கள். மற்றவர் கண்ணில் படும், ஆனால் காதுக்கு எட்டாத இடம்தான் இருவருக்கும் நல்லது.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நல்ல மனசுள்ளவர்களே இதில்தான் தவறுகிறார்கள். ஆபத்து என்றால் சொல்லியே ஆகவேண்டும். அப்போது அந்தப் பிள்ளையின் நம்பிக்கை உடைந்துபோகும். "உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும், உனக்குத் தெரியவைத்துத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள், இரவிலும்தான். கத்தி, கயிறு, மருந்துப்பெட்டி உங்கள் வசம் இருக்கட்டும். முகாம் பொறுப்பாளருக்கு உடனே சொல்லி மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோருக்கும் தெரிவிக்கவேண்டும், வீட்டில்தான் ஆபத்து என்றால் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பைத்தான் முதலில் அணுகவேண்டும். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, நேரத்தோடு எழுதிவையுங்கள்.