நெடுநாள் பூட்டிக் கிடந்த பைக் கிளம்பிக் கிளம்பி நின்றுபோனால்

செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகள் படைப்பு எனும் முன்னோர் வழிபாட்டுக்கோ, கல்யாணத்துக்கோ, அறுபது, எண்பது வயதுச் சாந்திக்கோ ஆட்கள் வந்து திறக்கும்வரை பூட்டியே கிடக்கின்றன. அந்த வீடுகளின் பின்கட்டிலோ கார் கொட்டகையிலோ ஒரு பைக்கும் சேர்ந்து உறங்குகிறது. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வந்து கிக்கரை மிதித்தால் வண்டி கிளம்பும். ஆனால் அரை நிமிடத்தில் நின்றுவிடும். இதற்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. வண்டி எந்த நேரத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தாலே கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைக் கவனிப்பதற்கு முன் ஐடிலிங் திருகை, அதாவது ரேஸ் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, தொடாதீர்கள்; அதைத் திருகினால் அடையாளமே மறைந்துபோகும்.

முதல் படியாக, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டால் வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொல்லக்கூடியது. பிறகு சைலன்சரின் வாயைப் பாருங்கள். குளவிகள் அங்கே மண்கூடு கட்டியிருக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, எலி பஞ்சையும் காகிதத்தையும் திணித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் அளவையும் சரிபாருங்கள். ஓராண்டுக்கு மேலான ஆயிலை மாற்றிவிடுவதே நல்லது.

இரண்டாம் படி பெட்ரோல். இதில் அவசரப்பட வேண்டாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் அளவு மீறிச் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் டேப்பின் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வண்டியில் பிடித்தபோது, அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு வேறொரு திரவம் பிரிந்து நின்றது. மேலே இருந்த பெட்ரோல் தேநீர் நிறத்துக்கு மாறி, வார்னிஷ் போன்ற நெடி வீசியது. அப்படியிருந்தால் டேங்கை முழுவதும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பழைய பெட்ரோலைத் தெருவிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மழை பெய்தால் அது ஊருணிக்குத்தான் போய்ச் சேரும். பாதுகாப்பாக மூடி, மெக்கானிக்கிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

இனி, வண்டி எப்போது நிற்கிறது என்று பார்ப்போம்.

சோக் (குளிர்ந்த எஞ்சின் கிளம்பப் பெட்ரோல் கலவையைச் செறிவாக்கும் பிடி) இழுத்திருக்கும்வரை ஓடி, சோக்கை விட்டதும் நிற்கிறது, ரேஸ் கொடுத்தால் மட்டும் உயிரோடு இருக்கிறது என்றால் ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலிங்கின்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு, அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகள் நெடுநாள் நின்றால், அவற்றில் நான் அதிகம் கண்ட கோளாறு இதுதான். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் தங்கும் பிசின், ஊசிமுனை போன்ற அந்தத் துளையை மூடிவிடுகிறது. டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, சரியான அளவுள்ள ஸ்க்ரூ டிரைவரால் ஜெட்டை எடுங்கள். பித்தளை மென்மையானது என்பதால் வழுக்கினால் தலை சிதைந்துவிடும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரை அடித்து, சற்று ஊறவிட்டு, காற்றால் ஊதுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியாலோ ஊசியாலோ குத்தினால் துளை பெரிதாகி, அதன்பின் அந்த ஜெட்டோடு வண்டி சீராக ஓடாது. இதைச் செய்யாமல் ஐடிலிங்கை ஏற்றிவைத்து ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி இரைந்து, பெட்ரோலும் வீணாகும்.

ஐடிலிங் சீராக இருந்து, ரேஸ் கொடுத்தால் மூச்சடைத்து நிற்கிறது என்றால் ரேஸ் கொடுக்கும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு நின்று, சற்று இளைப்பாறியபின் மீண்டும் கிளம்பும் வண்டிதான் புதியவர்களை மிகவும் குழப்புகிறது. காரைக்குடிச் சாலையில் ஒரு நண்பகலில் எனக்கும் இது நேர்ந்தது. டேங்க் மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. ஒரு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. மூடியிலுள்ள காற்றுத் துளையைச் செம்மண் புழுதி அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். துளையைச் சுத்தம் செய்தும் இதே நிலை நீடித்தால் டேப்பின் வடிகட்டியைக் கழுவுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடானதும் தளர்கிறதோ என்று சந்தேகிக்கலாம்.

கியர் போட்ட உடனே நிற்கிறது என்றால் பக்கவாட்டு ஸ்டாண்டு சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் அதற்கொரு சுவிட்ச் உண்டு.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்பனையான பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலைப் பம்பின் அழுத்தத்தில் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். அவற்றில் சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கமிருந்து பெட்ரோல் பம்பின் ரீங்காரம் இரண்டு மூன்று விநாடி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும், 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றியபின்தான் மற்றதைப் பேச வேண்டும். எஞ்சின் விளக்கு அணையாமல் நின்றால் சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள். அங்குள்ள கருவியில் அதன் காரணத்தைப் படிக்க முடியும்.

எல்லாம் சரியானபின் எஞ்சினை ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, பிரேக்கையும் டயர் காற்றையும் பார்த்துவிட்டு, ஊருக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி வாருங்கள். மறுபடி வீட்டைப் பூட்டிச் செல்லும்போது கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் டேப்பை மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அடிக்கிண்ணம் காலியானால் பிசின் படியாது. சைலன்சர் வாயில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, அதே துணியின் இன்னொரு துண்டைச் சாவிக்கொத்தில் முடிந்துவையுங்கள். அடுத்த முறை கிக்கரை மிதிக்கும் முன் அவிழ்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வரும்.