மனைவியின் பிறந்தநாள், கையில் ஆயிரம் ரூபாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை பழங்காநத்தத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என்னிடம் அதிகம் வருகிறவர்கள் புதுக் குடும்பஸ்தர்கள். "அக்கா, நாளைக்கு வீட்டில் பிறந்தநாள். ஐந்நூறுக்குள் முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். எழுத்து எப்படி வர வேண்டும், என்ன நிறம் என்று பேசி முடிப்பதற்குள் மற்றத் திட்டங்களையும் சொல்லிவிடுவார்கள். கேட்கக் கேட்க எனக்கு மனசு பதறும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் நடந்தவைதான் பாதி.

தேதியை மறக்காதே, அலங்காரத்துக்கு அள்ளி இறைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நள்ளிரவு கேக்

காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, இரண்டு பேருக்கும் டப்பா கட்டி, எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவரை இரவு பன்னிரண்டு மணிக்கு எழுப்பாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் ஆளுக்கு ஒரு வாய்தான் இறங்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், சித்திரை வெயிலில், மீதிக் கேக்கின் கிரீம் மறுநாள் மதியத்துக்குள் புளித்துப் போகும். நானூறு ரூபாயில் முக்கால்வாசி குப்பைக்குப் போகிறது. அரைக் கிலோ கேக் ஐந்தாறு பேருக்குச் சரியாக இருக்கும். மாலையில் விளக்கேற்றிய பிறகு, மாமியாரும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் இருக்கும்போது வெட்டினால் ஒரு துண்டுகூட மிஞ்சாது.

ஸ்னோ ஸ்பிரே

வேண்டவே வேண்டாம். டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது எரியும் வாயு. மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அடித்தால் முகத்தில் தீப்பற்றும்.

தவணையில் வாங்கும் ஆச்சரியம்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். கையில் இல்லாத பணத்தில், வீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல், பெரிய பொருள் ஒன்றை வாங்கி வந்து நீட்டுவது. பெரும்பாலும் அது கைப்பேசியாக இருக்கும்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தம்பி குடியிருக்கிறார். லேத் பட்டறையில் வேலை. மனைவி மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். ஆவணியில் அந்தப் பெண்ணுக்குப் பிறந்தநாள். தம்பி 15,000 ரூபாய்க்குக் கைப்பேசி எடுத்தார். ஆறு தவணை, மாதம் 2,500 ரூபாய். "வட்டியே கிடையாதாம் அக்கா" என்று சொன்னபோது முகமெல்லாம் சிரிப்பு. கேக்கின் மேல் சர்க்கரை மாவில் ஒரு சின்னக் கைப்பேசியும் செய்து வைக்கச் சொன்னார்.

வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொல்வதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கடன் தருபவர் வட்டி போடத்தான் செய்கிறார். அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். கிரெடிட் கார்டில் தவணை போட்டால், வட்டியின் மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் பொறுப்பு. செயல்பாட்டுக் கட்டணம் தனி, அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. ரொக்கமாக வாங்குகிறவருக்குக் குறைத்துத் தரும் விலையும் பல கடைகளில் தவணைக்காரருக்குக் கிடைக்காது. இவையெல்லாம் சேர்ந்தால் சில நூறு ரூபாய் ஆகும். அது போனால் போகட்டும். குடும்பத்தை உலுக்குவது தவணை தவறும் மாதம்.

அந்த வீட்டில் இரண்டு சம்பளமும் வாடகைக்கும் பாலுக்கும் கேஸுக்கும் சீட்டுக்கும் போய், மாதக் கடைசியில் மிஞ்சுவது ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோதான். ஓவர்டைம் பார்த்துக் கட்டிவிடலாம் என்று தம்பி நினைத்திருந்தார். இரண்டு தவணை கட்டினார். ஐப்பசி மழையில் பட்டறைக்கு வேலை வரவில்லை. மூன்றாவது தவணைத் தேதியில் கணக்கில் பணம் இல்லை. தவணை திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் தாமதத்துக்கு அபராதம் போட்டது. ஒரே தவறுக்கு இரண்டு பக்கமும் தண்டம். தவறிய தவணை கடன் வரலாற்றிலும் ஏறிவிடும். நாளைக்கு ஒரு வண்டிக் கடனுக்குப் போய் நிற்கும்போது அதைக் கேட்பார்கள்.

தீபாவளி நேரம். ஜவுளிக்கடையில் இரவு வெகுநேரம் வரை நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, கால் வீங்கி வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு, கணவர் சார்ஜில் போட்டிருந்த கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியில்தான் விஷயம் தெரிந்தது. மீதித் தவணையைக் கட்டுவதற்கு, கல்யாணத்துக்கு அம்மா போட்ட தோட்டை அடகு வைத்தார். பொங்கலுக்குக் கேக் சொல்ல வந்தவர் என்னிடம் சொன்னது இது: "போன் என் கையில் இருக்கிறது அக்கா, தோடு அடகுக்கடையில் இருக்கிறது." காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தார்.

தன் பிறந்தநாளுக்கு அந்தப் பெண் தானே பணம் கட்டினார், அதுவும் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இரண்டு சம்பளமும் ஒரே உண்டியலில் விழும் வீட்டில், என் பணத்தில் உனக்கு வாங்கினேன் என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. அந்த உண்டியலிலிருந்து மறைத்து எடுப்பது பரிசாகாது. அந்தத் தம்பியின் பிரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. நல்ல மனசுள்ள பிள்ளைகள்தான் இந்தக் குழியில் விழுகிறார்கள். மகளிர் குழுக் கடனை எடுத்துக் கணவருக்கு வாட்ச் வாங்கிய தங்கைகளையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

சிலர், சரி, தங்கமாக வாங்கிவிட்டால் பணம் எங்கும் போகாது என்பார்கள். அரை கிராம், ஒரு கிராமில் கல் வைத்த மூக்குத்தியும் கம்மலும் வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் நகையின் விலையில் பெரும் பங்கு ஆகிவிடும். அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கப் போகும் நாளில் இந்த மூன்றில் எதுவும் திரும்பாது, கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமும் இல்லை. ஆசைக்கு வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். சேமிப்பு என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு மாதம் முன்பே இருவரும் உட்கார்ந்து, இந்த வருஷம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் பேசி முடியுங்கள். தொகை தெரிந்துவிட்டால் ஆச்சரியம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள், அப்படிப் போவதில்லை. ஆயிரம் ரூபாய் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும், அந்த ஆயிரத்தில் என்ன வரப்போகிறது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இன்றிலிருந்து மாதம் 100 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டு வந்தால் அடுத்த பிறந்தநாளுக்கு 1,200 ரூபாய் இருக்கும். யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

"வீட்டிலேயே சமைத்துவிடலாம், செலவு மிச்சம்"

யார் சமைப்பது?

செல்லூரில் ஒரு வீட்டுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். யாருக்குப் பிறந்தநாளோ அந்தப் பெண் அடுப்படியில் இருந்தார். புதுப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் குக்கர் மூடியைப் பிடித்தபடி, மறு கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஹோட்டல் செலவு மிச்சம் என்று கணவர் பெருமையாகச் சொன்னார். அந்த மிச்சம் முழுவதும் ஒருவர் முதுகிலிருந்து வந்தது.

கணவருக்குச் சமைக்கத் தெரிந்தால் ஒரே ஒரு குழம்பு வைத்தால் போதும், கூடவே பாத்திரத்தையும் கழுவிவிட வேண்டும். தெரியாதவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருமுனை இட்லிக் கடைக்குப் போகலாம். மதுரையில் பொழுது சாய்ந்தால் ஆவி பறக்கும் இட்லிக்கு எந்தத் தெருவிலும் பஞ்சம் கிடையாது. அன்று ஒரு நாள் அடுப்படிப் பக்கமே போகாமல் இருப்பதைவிடப் பெரிய பரிசு பல பெண்களுக்கு இல்லை என்பதை, கேக் கொடுக்கப் போகும் வீடுகளில் கண்ணால் பார்க்கிறேன்.

நண்பர்களுக்கு ட்ரீட்

உங்கள் பட்டறை நண்பர்கள் தின்னும் பிரியாணி அவருடைய பிறந்தநாள் கணக்கில் சேராது.

ஆங்கிலத் தேதியையே பிடித்துக்கொள்வது

பிறந்தநாள் 27ஆம் தேதி வந்தால் கையில் பத்துப் பைசா இருக்காது. அந்த அவசரத்தில்தான் கைமாற்றுக் கடன் தொடங்குகிறது. நமக்கு நட்சத்திரப் பிறந்தநாள் என்று ஒன்று இருக்கிறதே! அதே தமிழ் மாதத்தில் அவருடைய நட்சத்திரம் எந்த நாளில் வருகிறது என்று காலண்டரைப் பாருங்கள். சில ஆண்டுகளில் தேதியிலிருந்து பத்து நாளுக்கு மேல்கூடத் தள்ளி, சம்பளம் வந்த வாரத்திலேயே விழும். தேதியன்று ஒரு வாழ்த்தும் காபியும் போதும், கொண்டாட்டத்தை நட்சத்திரத்தன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

மல்லிகையைக் கடைசி நேரத்தில் வாங்குவது

2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ நம் ஊர் மல்லி. அதன் விலையை நம் ஊர்க்காரர்களே கணிக்காமல் ஏமாறுவதுதான் வருத்தம். முகூர்த்த நாளிலும் அதன் முந்தின நாளிலும் விலை ஏறும். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து இன்னும் ஏறும். காலண்டரில் பிறந்தநாள் முகூர்த்தமாக இருந்தால் மல்லியை விட்டுவிட்டுப் பிச்சியோ கனகாம்பரமோ வாங்குங்கள்.

இருட்டிய பிறகு வாங்கும் சரத்தில் மொட்டு விரிந்து வாடத் தொடங்கியிருக்கும். காலையிலேயே மாட்டுத்தாவணி பூச்சந்தையில் உதிரி மொட்டாக நூறு கிராம் வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வைத்து, மதியம் கட்டிக் கொடுங்கள். மாலையில் தலையில் வைத்த பிறகு அங்கேயே விரியும். கட்டத் தெரியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள். கோணல்மாணலாகக் கணவர் கட்டிய சரத்தைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் இல்லாமல் புடவை எடுப்பது

எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால் பருத்திச் சுங்குடி. புள்ளிகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் அது அச்சடித்த துணி, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

நேரம் பார்க்காமல் கிளம்புவது

ஆட்டோ பிடித்து மதியம் ஒரு மணிக்கு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய், நடை சாத்திவிட்டது என்று தெரிந்து, வேறு வழியில்லாமல் குளிரூட்டிய ஹோட்டலில் ஏறி உட்காருகிறார்கள். திட்டத்தில் இல்லாத 800 ரூபாய் அங்கே போகிறது. மதியம் சாத்திய நடை மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும்.

ஆட்டோவும் தேவையில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, கணவர் மட்டும் காசு கொடுத்தால் போதும். மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்ப் படியிலோ சுற்றுச்சுவரிலோ உட்காருங்கள். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய அந்தக் குளத்தங்கரையில் காற்றுக்கும் பேச்சுக்கும் காசில்லை, சுண்டலுக்கு மட்டும்தான் காசு. பிறகு விளக்குத்தூண் பக்கம் ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா. இரவில் கோயிலுக்குப் போனால் பள்ளியறை பூஜை பார்க்கலாம். சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து அம்மனின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். பிறந்தநாளன்று கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று பார்க்க இதைவிட நல்ல காட்சி இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. 2018இல் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் அந்த ஒரு மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவீர்கள்.

கேக்கை வண்டியில் கொண்டுபோவது

பெட்ரோல் டேங்க் மேல் வைக்காதீர்கள். கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில். திருநகர் போய்ச் சேர்வதற்குள் பெயர் வழிந்திருக்கும். பின்னால் ஒருவர் மடியில் சமமாக வைத்துப் பிடிக்கட்டும். தனியாக வருகிறவர் ஐந்து மணிக்கு மேல் வந்து வாங்குங்கள், கட்டைப்பையின் அடியில் அட்டையைப் போட்டு நிறுத்தி, முன்பக்கம் கால் வைக்கும் இடம் உள்ள ஸ்கூட்டரில் கொண்டுபோங்கள். வெயில் காலத்தில் ஃபிரெஷ் கிரீம் கேட்காதீர்கள், பட்டர் கிரீம் கொஞ்சம் தாங்கும். தூரம் அதிகம் என்றால் கிரீமே இல்லாத பிளம் கேக்கோ வாழைப்பழக் கேக்கோ சொல்லுங்கள், நூறு ரூபாய் குறைத்தே தருகிறேன்.